அறுந்துபோகாத கோடு

"அண்டப்புளுகு, டீச்சர்!" என்று கத்திக்கொண்டே வந்தான் இளம்பரிதி.

ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளில் மட்டம் பார்க்கும் கருவியைப் பொருத்தி, அது அனுப்பும் அளவை நகரத்துத் திரையில் கோடாக ஓடவிடுவது அவன் வேலை. அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் தையல்நாயகி.

"யாரு?"

"மேட்டுப்பட்டி டேங்க் ஆபரேட்டர் சொர்ணம். மூணு நாளா தொட்டி காலின்னு ஊரைக் கூட்டி மறியல் பண்றா. இங்க பாருங்க, முழுசா நிக்குது! அவளை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி லெட்டர் அடிச்சிட்டேன். என் கையெழுத்துதான் பாக்கி."

ஊரே காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்திருக்க, ஏசி அறையில் இருந்தவனுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்.

தையல்நாயகி அவன் லேப்டாப்பைப் பார்த்தார். நீலக்கோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"மூணு நாளா அந்த ஊர்ல ஒருத்தரும் குழாயைத் திறக்கலையா?"

அவனுக்கு உறைக்கவில்லை. "கருவி பொய் சொல்லாது டீச்சர்."

"நேர்ல போய்ப் பார்த்தியா?"

"எதுக்கு? அதுக்குத்தானே நெட்வொர்க்!"

அவர் முகம் சிவந்துவிட்டது.

அவர் மேசைக்குப் பக்கத்தில், மாணவர்களுக்குச் செய்துகாட்ட ஒரு வாளித் தண்ணீர். அதற்குள் அதே மாதிரிக் கருவி. அவன் எழுதிய புரோகிராமில்தான் அதுவும் ஓடியது.

"இந்த வாளியைத் திரையில காட்டு."

காட்டினான். நிறைந்திருந்தது.

தையல்நாயகி கருவியின் ஆன்டெனாவைப் பிடுங்கினார். பிறகு வாளியை ஓங்கி ஓர் உதை விட்டார்.

தண்ணீர் அறை முழுக்க ஓடியது. அவன் ஷூவுக்குள்ளும் போனது.

"இப்ப வாளியில எவ்வளவு இருக்கு?"

இளம்பரிதி திரையைப் பார்த்தான். கோடு அசையவில்லை. அதில் வாளி நிறைந்தே இருந்தது.

"அது... சிக்னல் விட்டுப்போனா, கடைசியா வந்த அளவையே வரைஞ்சுக்கிட்டிருக்கும்."

"யார் அப்படி எழுதினது?"

"நான்தான். கோடு அறுந்து அறுந்து தெரிஞ்சா மீட்டிங்ல திட்டுறாங்க டீச்சர்."

சொல்லி முடித்தவன், ஈரக் காலோடு அப்படியே நின்றான்.

தையல்நாயகி பேனாவை நீட்டினார்.

"லெட்டரை எடு. பேரை மட்டும் மாத்திட்டுக் கையெழுத்துப் போடு."