யாளி வாய் மூடாத கதை

அந்தக் காலத்தில், விலங்குகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிய நாளில், செவ்வரை என்ற மலையடி நகரத்தில் கீழ்த்தெருவுக்கு நடந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். முதலில் மலை ஊற்றுக்குக் கரை கட்டினார்கள். கல் சுமந்தது கீழ்த்தெரு. அடுத்து சுடுமண் குழாய் பதித்தார்கள். பள்ளம் தோண்டியது கீழ்த்தெரு. அதற்குப் பிறகு அரண்மனைக்கு ஒன்று, கீழ்த்தெருவுக்கு ஒன்று என்று குழாயைப் பிரித்தார்கள். கடைசியில், அரண்மனைக் குளத்துத் தாமரை வாடுகிறதாம், கீழ்க்குழாய்க்கு ஒரு யாளியைக் காவல் வைத்தார்கள். அது குழாயைத் தன் வாயால் கவ்வி அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

கொம்பாயி என்ற எருமை நேரே போய்க் கேட்டாள். "என் கன்றுக்குத் தோல் வெடிக்குது. ஒரு குட்டை நனையற அளவு விடக்கூடாதா?"

"ம்ம்" என்றது யாளி. வாய் நிறையத் தண்ணீர், வேறென்ன சொல்லும்?

கன்று நிழலில் கிடந்து இளைத்தது. சேறு கிடைக்காவிட்டால் பிழைக்காது. கொம்பாயிக்கு அழத் தெரியாது, வழக்குப் பேசத் தெரியும்.

செவ்வரையில் ஒரு முறை உண்டு. பௌர்ணமிதோறும் ஊர் மன்றம் கூடி, பதவியில் இருப்பவர் பெயரைச் சாட்சிகள் முன் வாசிப்பார்கள். அவர் தன் வாயால் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதவி போய்விடும். வாசிப்பவர் கொக்கு. யாளியின் பெயர் வந்தால் மட்டும் அவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பெயருக்குத் தாவிவிடுவார்.

அந்தப் பௌர்ணமிக்குக் கொம்பாயி மன்றத்தையே குழாயடிக்கு அழைத்து வந்துவிட்டாள். வண்ணாத்தி சாத்தியும் அவள் கழுதையும் சாட்சிகள்.

"மனசுக்குள்ளே வாசிச்சிட்டேன் அக்கா, போதாதா?" என்றார் கொக்கு.

"மனசுக்குள்ளே குடிச்சா தாகம் தீருமா, தம்பி? சத்தமா வாசி."

"தொண்டை கட்டியிருக்கு..."

"என் குரலைத் தரட்டுமா அண்ணே?" என்றது கழுதை. சாத்தி பதறிப்போய் அதன் வாயைப் பொத்தினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சிரித்ததில் கொக்குக்கும் பயம் தெளிந்தது. கழுத்தை நீட்டி வாசித்தார்.

யாளி விழித்தது. பேசாமல் இருந்தால் காவல் போகும். பேசினால் தண்ணீர் போகும். ஆனால் அத்தனை பேர் நடுவில் தன் பெயரை முழுதாகக் கேட்டது அதற்கு அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்தது, வாய் திறந்தது.

"உள்..."

அவ்வளவுதான். தண்ணீர் பீறிட்டது. கன்று எழுந்து நின்று, தள்ளாடி, சேற்றில் பொத்தென்று விழுந்து புரண்டது. கொம்பாயி அதன் மேலேயே விழுந்தாள்.

சொல்லை முடிக்காமல் வாயை மூடினால் பதவி போய்விடும். பாயும் தண்ணீரில் சொல்லும் முடியவில்லை. திறந்த வாயோடு நின்று நின்று யாளி கல்லாகிப்போனது. தண்ணீர் விழும் இடத்திலெல்லாம் சிற்பிகள் வாய் பிளந்த யாளியைச் செதுக்குவது அன்று முதல்தான். பதில் முடியும்வரை அந்தப் பெயரை விட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது என்பது மன்றத்து முறை. ஆகவே கொக்கு சாட்சிகளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், மறுபடியும் உரக்க வாசித்தார்:

"கீழ்க்குழாய்க் காவல், கடுஞ்சினத்தன்!"