நெய்ச்சோறு தின்ற பனிக்கரடி

வடகடல் ஓரத்தில் ஒரு சிற்றூர். கோடையில் கடற்பனி உருகியதும் பனிக்கரடிகள் கரையேறிவிடும். கடல் மறுபடி உறைந்தால்தான் அவை பனிமேல் போய்ச் சீல் என்னும் கடல்நாயைப் பிடித்துத் தின்ன முடியும். அதுவரை கரையில் பட்டினி கிடந்து காத்திருக்கும்.

ஊரைச் சுற்றி முப்பத்தொரு மஞ்சள் கம்பங்கள். ஒரு கரடி கம்பத்தைத் தாண்டி உள்ளே வந்தால் எழுதி வைப்பார்கள். இரண்டாம் தடவையும் எழுதி வைப்பார்கள். மூன்றாம் தடவை சுட்டுவிடுவார்கள். அது ஊர்க் கட்டளை.

சுடவேண்டி வராமல் கரடிகளை விரட்டி வைப்பது பவளராணியின் வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். நாற்பத்து நான்கு வயது. அங்கே காவலுக்கு வந்து இருபது வருடம். அந்த வருடம் அவளிடம் காவல் பழக வந்தவர் அருளம்பலம். கனடாவின் ரொறன்ரோ நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். அவளைவிடப் பதினேழு வயது மூத்தவர். அவர் அவளை ரீச்சர் என்பார். அவள் அவரை அண்ணை என்பாள்.

நவம்பர் ஆறாம் நாள் காலை, ஒன்பதாம் கம்பத்தடியில் பவளராணி குனிந்து எதையோ பொறுக்கினாள். உள்ளங்கையை நீட்டினாள்.

“அண்ணை, இது என்ன?”

“சோறு மாதிரிக் கிடக்கு.”

“சோறுதான். மூண்டு பருக்கை. ஆர் வைச்சது?”

அருளம்பலம் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“காகத்துக்கு வைச்சனான், ரீச்சர். புரட்டாதிச் சனி. காகத்துக்கு வைக்காமல் நான் வாயிலை வைக்கிறேல்லை.”

“காகம் வந்ததோ?”

“முதல் சனி ஒண்டு வந்தது.”

“புரட்டாதி முடிஞ்சு மூண்டு கிழமை. பிறகு ஆர் சாப்பிட்டது?”



“அந்தத் தாய்க்கரடியும் குட்டியும். தாய்க்கு இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிக்குது. அது பார்த்துக்கொண்டிருக்க நான் எப்பிடி விழுங்கிறது? அதாலை ஒவ்வொரு நாளும் வைச்சனான்.”

“நெய் விட்டோ?”

“கொஞ்சம்.”

“நல்ல விருந்து,” என்றாள் பவளராணி. அவள் சிரிக்கவில்லை.

அந்தத் தாய்க்கரடி முந்தின வாரம் இரண்டு தடவை கம்பத்தைத் தாண்டியிருந்தது. இரண்டு தடவையும் வந்தது அருளம்பலத்தின் வாசலுக்கு.

“இன்னும் ஒருக்கா வந்தால்?” என்று கேட்டாள்.

“சுடுவினம்.”

“குட்டி?”

அவருக்கு முகம் சிவந்தது.

“சுடாட்டில் மட்டும் என்ன, ரீச்சர்? நீங்கள் வந்த வருஷம் கடல் எப்ப உறைஞ்சது?”

“நவம்பர் எட்டு.”

“போன வருஷம்?”

“இருபத்தேழு.”

“அம்பது வருஷத்திலை இந்தக் கரையிலை ஒரு கரடியும் மிஞ்சாது எண்டு படிச்சவை சொல்லினம். போகப்போற சீவன். வயிறாவது நிறைஞ்சு போகட்டும் எண்டு வைச்சன். அது பிழையோ?”

 பவளராணி தன் வண்டிக்குப் போய் ஒரு பழைய பிஸ்கற் தகரத்தையும் ஒரு தடியையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“இண்டைக்கும் சமையுங்கோ. நெய் விட்டு.”

“என்ன ரீச்சர்?”

“மூடிபோட்டு இங்கை கொண்டு வாங்கோ. அவள் வருவாள். உங்கட மணம் இப்ப அவளுக்குச் சாப்பாட்டு மணம். அதை மாத்த வேணும்.”

“நீங்கள் விரட்டுங்கோவன்.”

“நான் விரட்டினால் எனக்குத்தான் பயப்பிடுவாள். உங்கட வாசலுக்கு வருவாள்.”

“அப்ப நான் ரொறன்ரோவுக்கே திரும்பிப் போறன்.”

“போங்கோ. அவளுக்கு ருசி போகாது. நீங்கள் இல்லையெண்டால் அடுத்த வாசல்.”

அருளம்பலம் போய்ச் சமைத்தார்.

பிற்பகல் இரண்டு பத்துக்குத் தாய் வந்தது. நான்கு அடி பின்னால் குட்டி. பழகின வீட்டுக்கு வருவதுபோல மெதுவாக, நேராக வந்தது. பவளராணி வெடித் துப்பாக்கியோடு அருளம்பலத்தின் பின்னால் நின்றாள். வெறும் சத்தவெடி அது.

“அடியுங்கோ.”

அவர் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கரடி தலையைச் சரித்துக் கேட்டது.

“தாளமோ போடுறியள்? அடியுங்கோ அண்ணை!”

நாற்பது அடி தூரம். முப்பத்தைந்து அடி. அருளம்பலம் ஓங்கி அடித்தார்.

“போ! போடி! இங்கை ஒண்டும் இல்லை! போ!”

குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்தது. முப்பது அடியில் பவளராணி வானத்தைப் பார்த்து வெடி வைத்தாள். தாய் திரும்பியது. போகிறபோது இரண்டு தடவை நின்று அவரைப் பார்த்தது.

அருளம்பலம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பவளராணி சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மீதியை அவரிடம் நீட்டினாள்.

“சாப்பிடுங்கோ. நாளைக்கும் அடிக்க வேணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“கடல் உறையுமட்டும்.”

அடுத்த நாள் அவர் தானாகவே வந்து நின்றார். ஐந்தாம் நாள் கரடி தொண்ணூறு அடியில் திரும்பியது. எட்டாம் நாள் அது வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்தது. ஐம்பது அடி வரைக்கும் வந்துவிட்டது. அன்று அவருடைய தொண்டை கட்டிப்போயிற்று. பதினான்காம் நாள் இருநூறு அடி. இருபதாம் நாள், அவர் தகரத்தைத் தூக்கும்போதே திரும்பிவிட்டது. மூன்றாம் தடவை அது கம்பத்தைத் தாண்டவில்லை.

இருபத்து நான்காம் நாள், நவம்பர் இருபத்தொன்பது, கடல் உறைந்தது.

தாயும் குட்டியும் பனிமேல் இறங்குவதை இருவரும் கரையில் நின்று பார்த்தார்கள். காற்று அருளம்பலத்தின் பக்கமிருந்து அவற்றை நோக்கி வீசியது. தாய் மூக்கை உயர்த்தியது. மணத்தைப் பிடித்தது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியது.

“என்ரை மணத்துக்கு ஓடுது,” என்றார் அருளம்பலம்.

“ஓம்.”

“அறுபத்தொரு வயசிலை ஒரு சீவன் எனக்குப் பயந்து ஓடினது இதுதான் முதல்தரம்.”

“நல்லாச் செய்தனீங்கள்.”

இரண்டும் இரண்டு மஞ்சள் புள்ளிகளாகி மறையும்வரை அவர் நின்றார்.

“போன வருஷத்தைவிட இரண்டு நாள் பிந்திப்போச்சு. அடுத்த வருஷம் இன்னும் பத்து நாள் பிந்தினால் அவள் தாங்குவாளோ, ரீச்சர்?”

“எனக்குத் தெரியாது.”

“அப்ப என்ன செய்யிறது?”

“அடுத்த வருஷம் வரேக்கை உங்கட சமையலுக்குப் பத்து நாள் சாமான் கூட வாங்கிக்கொண்டு வாங்கோ, அண்ணை.”