நஞ்சி நடக்காத வழி

அந்தக் காலத்தில் யானை பேசும். கொஞ்சநஞ்சப் பேச்சில்லை. மழை வரவில்லை என்று முனகும், மூங்கில் முற்றிப்போச்சு என்று குறைப்படும், குட்டிகளை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருக்கும். மலையடிவாரத்து ஊருக்கும் யானைக் கூட்டத்துக்கும் நல்ல பேச்சுவார்த்தை இருந்தது. அதற்கென்றே ஊரில் ஒருவர் இருப்பார். அவருக்கு வழிசொல்லி என்று பெயர்.

விதைப்புக்கு முன்னால் வழிசொல்லி காட்டுக்குள் போவார். இந்தப் பருவத்தில் கூட்டம் எந்தப் பக்கமாக ஆற்றுக்கு இறங்கும் என்று கேட்டு வந்து சொல்வார். ஊர் அந்த இடத்தை விதைக்காமல் விட்டுவிடும். அதே மாதிரி எங்கே வேலி, எங்கே குழி என்பதை யானைகளுக்கும் சொல்லிவிடுவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கட்டுப்பாடு. தன் காலால் நடந்து பார்க்காத வழியைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது.

அப்போது வழிசொல்லியாக இருந்தவள் நஞ்சி. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே, போனது எந்த யானை, நிதானமாகப் போனதா மிரண்டு ஓடியதா என்று சொல்லிவிடுவாள். கூட்டத்தை நடத்திப் போகும் காது கிழிந்த கிழட்டுப் பெண் யானைக்கு, அந்தப் பிடிக்கு, அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடைக்கரையில் மட்டும்தான் ஈரம் மிஞ்சியது. பாழாய்ப்போன அந்த ஓடைக்கரையோ யானைகளின் வழி. நஞ்சியின் கைக்குழந்தை பால் வற்றிய மார்பை இழுத்து இழுத்து அழுதது. பிறகு அழுவதற்கும் தெம்பில்லாமல் கிடந்தது.

ஊர் மூப்பன் அவள் குடிசைக்கு வந்தார். நஞ்சிக்கு மாமன் முறை.

"ஓடைக்கரையில ராகி போட்டாத்தான் நஞ்சி இந்த வருசம் ஊர் பொழைக்கும். ஆனைங்களை மேற்குச் சரிவு வழியா போகச் சொல்லிடு."

"அந்தச் சரிவுல நான் காலு வெச்சே பல வருசமாச்சு மாமா. ஒருக்கா நடந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"நீ போயிட்டு வர்றதுக்குள்ள மண்ணு காஞ்சுபோகும். அங்க என்ன இருக்கப்போவுது? கல்லும் புதரும்தான்."

நஞ்சி குழந்தையைப் பார்த்தாள். கல்லும் புதரும்தானே என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

மூங்கில் காட்டில் பிடி தழை மென்றுகொண்டு நின்றது.

"பெரியக்கா, இந்தத் தடவை மேற்குச் சரிவுல இறங்கிக்கோங்க. வழி நல்லாத்தான் இருக்கு."

"நடந்து பாத்தியா அம்மிணி?"

சந்தேகப்பட்டு அது கேட்கவில்லை. எப்போதும் கேட்கிற கேள்விதான்.

"பாத்தேன் பெரியக்கா."

பிடி தலையாட்டிவிட்டுத் தழையை மெல்லத் தொடங்கியது. நஞ்சி சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

ராகி முளைவிட்ட நாளில், ஊரே கரையில் நின்று பச்சையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது, மேற்கிலிருந்து பிளிறல் கேட்டது. நஞ்சி விழுந்தடித்து ஓடினாள்.

காட்டுப்பன்றிக்காக யாரோ எப்போதோ வெட்டி மறந்துபோன குழி அது. மேலே கொடி படர்ந்து மூடியிருந்தது. துள்ளிக்கொண்டு முன்னால் ஓடிய குட்டி உள்ளே விழுந்து கழுத்து மடங்கிக் கிடந்தது. தாய் முட்டி போட்டு, தும்பிக்கையை உள்ளே விட்டு அதை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிழட்டுப் பிடி திரும்பியது.

"அம்மிணி, நீ நடந்தியா?"

என் குழந்தைக்குப் பசி என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உண்மைதான். ஆனால் செத்த குட்டியின் பக்கத்தில் நின்று அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல பெரியக்கா."

பிடி அவளைத் திட்டியிருக்கலாம். தூக்கி அடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நஞ்சிக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். அது எதுவும் செய்யவில்லை. ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக் குட்டிமேல் போட்டது. மற்ற யானைகளும் ஒவ்வொன்றாய் ஒடித்துப் போட்டன. நஞ்சியும் ஒரு கிளை ஒடித்துப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை.

ராகி நன்றாக விளைந்தது. நஞ்சியின் குழந்தை பிழைத்தது. அதை மறைப்பானேன்? கூழ் ஊட்டும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணீர் வரும். ஊட்டிவிட்டுக் காட்டுக்குப் போவாள். "பெரியக்கா, ஒரு வார்த்தை பேசுங்க" என்பாள். பிடி நிற்கும், கிழிந்த காதை அசைத்துக் கேட்கும், பேசாமல் போய்விடும். ஆற்றுக்குப் போகும் வழியை அவள் கேட்கும்போதும் அதே மௌனம்தான். மற்ற யானைகளும் அதற்குப் பிறகு மனிதரிடம் வாய் திறக்கவில்லை. கடைசியில் நஞ்சி கேட்பதை விட்டுவிட்டாள். தடம் பார்த்து, யானை லத்தியைக் கிளறிப் பார்த்து, ஒடிந்த கிளையைப் பார்த்து, தள்ளியே பின்னால் நடந்தாள். சாகும்வரை நடந்தாள்.

அன்று முதல்தான் யானை யார் பேச்சையும் நம்பாமல், தும்பிக்கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்து அடியெடுத்து வைக்கிறது. ஒரு வார்த்தையில் அது சொல்லியிருக்கக்கூடிய வழியைத் தெரிந்துகொள்ள, நாமும் அன்று முதல்தான் அதன் பின்னால் நடந்துகொண்டே இருக்கிறோம்.