இரண்டாவது கார்டுக்கு ஓர் இடம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தேழு. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது குருகுலம். பலகையில் 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்றுதான் எழுதியிருக்கும்.

குருவின் பெயர் பெனாசிர். கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் குழாய் வைத்து, தண்ணீர் ஓட்டி, சூடு தணிய வைப்பதில் ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

சீடர் நாச்சிமுத்து, பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். காலை ஆறு மணி ஷிப்ட். இரண்டு மணிக்கு அங்கே முடித்து, மூன்று மணிக்கு இங்கே வந்து விடுவார். எட்டு மாதமாக இப்படித்தான். மாடிக்குப் பதினெட்டுப் படி. முதல் மாதம் ஒரே மூச்சில் ஏறினார். இப்போது பன்னிரண்டாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது. அது பெனாசிரின் வழக்கம். அன்றைக்கு நாச்சிமுத்து ஒன்றும் செய்வதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுப்பார். மனைவி சரோஜினி பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வாள். பாதிக் கதையில் இவர் தூங்கிப் போவார். மீதியை அவள் தூங்குகிறவரிடமே சொல்லி முடிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை நாச்சிமுத்து கேட்டார்.

"மேடம், சரவணம்பட்டியில கேமிங் சென்டர் வெச்சிருக்கற அஷ்வத் தம்பி என்னைக் கூப்பிடறாருங்க. முப்பது கம்ப்யூட்டர். ஞாயித்துக்கெழமை மட்டும் வந்து பாத்துக்கோணுமாம். சனிக்கெழமைக்குள்ள பதில் சொல்லச் சொன்னாருங்க. போகட்டுங்களா?"

"எதுக்குங்கண்ணா?"

"என்ற பையன் அடுத்த வருஷம் காலேஜுங்க."

பெனாசிர் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அதே அஷ்வத் தம்பி தன்னோட மெஷினை இங்க விட்டுட்டுப் போயிருக்காரு. அனிமேஷன் பண்றதுக்கு ஒரு கார்டு பத்தலையாம். ரெண்டாவது கிராபிக்ஸ் கார்டு போடணுமாம். அதை முடிங்க. அப்புறம் பேசலாம்."

கேள்வி கேட்டால் வேலை கொடுப்பது குருமார்களின் பழக்கம் போலிருக்கிறது. நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எரிச்சலைக் காட்டவும் தெம்பு வேண்டுமே. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"எங்கங்கண்ணா வைப்பீங்க?"

"கீழ ஒரு ஸ்லாட் சும்மாதானுங்களே கெடக்குது."

தண்ணீரை வடித்தார். கேபினெட்டைப் படுக்கப் போட்டார். புதுக் கார்டை வைத்துப் பார்த்தார். இருந்த இடத்தைவிட அது நான்கு விரல் அகலம் கூடுதல் நீளமாக இருந்தது. முன்பக்கத்தை அடைத்துக்கொண்டு மூன்று ஃபேன் வைத்த பெரிய ரேடியேட்டர் நின்றது. கார்டின் மூக்கு அதில் முட்டியது.

நாச்சிமுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பவர் சப்ளை. அது வேண்டும். ஹார்ட் டிஸ்க். அதுவும் வேண்டும். பம்ப். அதை அவர் தொடவே மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சோறு போடுவது பம்ப்தான், இது கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தாலும் இதற்கும் ஒரு மரியாதை உண்டு.

மிஞ்சியது ரேடியேட்டர்.

"மேடம், இந்தப் பெருசைக் கழட்டிட்டு, பின்னாடி ஒரு ஃபேன் வெச்ச சின்ன ரேடியேட்டர் போட்டா இடம் கெடைச்சிருமுங்க."

"எதை எடுத்துட்டு எதை வைக்கறீங்கன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சனுங்க. வேலை செய்யற எதையும் தொடலீங்க. இதுக்குள்ள தண்ணி சும்மா போகுது, சும்மா வருது. இது ஒரு வேலையும் செய்யறதில்லீங்களே."

பெனாசிர் தலையை ஆட்டினார். சரி என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை.

"போடுங்க. சூடு ஏறினா நான் பாத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை மாலை முழுக்க அந்த வேலைதான். குழாய் வெட்டி, இணைத்து, புதுத் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தார். மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டுவது அந்தக் கடையின் கட்டாய விதி. புதன்கிழமை மாலை எல்லாப் பேப்பரையும் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை.

வியாழக்கிழமை மெஷினை ஆன் செய்தார். இரண்டு கார்டும் ஒளிர்ந்தன. அஷ்வத் சோதனைக்குக் கொடுத்திருந்த அனிமேஷன் காட்சியை ஓட விட்டார். ஒரு கார்டில் பத்து நிமிடம் பிடித்தது. இப்போது ஐந்தரை நிமிடத்தில் முடிந்தது.

"ஆச்சுங்க மேடம்." எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

"நிறுத்தாதீங்க. அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடட்டும். டீ குடிக்கலாம்."

டீ வந்தது. ஆறியது. குடித்தார்கள். நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து விட்டார். பெனாசிர் அவரை எழுப்பவில்லை. திரையில் ஏறுகிற சூட்டின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தவர் திரையைப் பார்த்தார். அதே காட்சி. பன்னிரண்டு நிமிடம்.

பதறிப் போனார். வயரை ஆட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கார்டாகச் சோதித்தார்.

"ஒண்ணும் கெட்டுப் போகலீங்க மேடம். ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது. ஆனா ரெண்டுமே பாதி வேகத்துக்கும் கீழ எறங்கிருச்சுங்க."

"ஏன்?"

"சூடு தாங்கலீங்க. உசுரைக் காப்பாத்திக்கறதுக்கு அதுங்களே வேகத்தைக் கொறைச்சுக்குதுங்க."

"பம்ப்?"

"பம்ப் ஓடுதுங்க. குத்தமே சொல்ல முடியாது."

"சின்ன ரேடியேட்டருக்குள்ள போற குழாயைத் தொட்டுப் பாருங்க. அப்புறம் வெளிய வர்ற குழாயை."

தொட்டார். ஒன்றை, பிறகு மற்றதை. மறுபடியும் முதல் குழாயை. இரண்டும் ஒரே சூடு.

"தண்ணி போன சூட்டோடயே திரும்பி வருதுங்க," என்றார். சொல்லிவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார். பாவம் இந்தத் தண்ணீர் என்று தோன்றியது அவருக்கு. எங்கேயும் ஒரு நிமிடம் ஆறாமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

பெனாசிர் மெஷினை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து புதுக் கார்டைக் கழற்றினார். பெரிய ரேடியேட்டரைப் பழைய இடத்தில் மாட்டி, மறுபடி பேப்பர் வைத்து, பம்பை ஓட விட்டார்.

"அஷ்வத் தம்பிகிட்ட என்னங்க சொல்றது?"

"ரெண்டு கார்டு வேணும்னா இதைவிடப் பெரிய கேபினெட் வேணும்னு சொல்லுங்க. இதுல இடம் இல்லை."

"பொட்டி இத்தாச்சோட்டுப் பெருசா இருக்குது. இடம் இல்லைன்னா நம்புவாருங்களா?"

"நீங்களும்தான் நம்பலை."

மறுநாள் சனிக்கிழமை. பேப்பரில் ஈரம் இல்லை. கார்டு ஒன்றுதான். பத்து நிமிடம், மறுபடி பத்து நிமிடம், ஒரு மணி நேரம் கழித்தும் அதே பத்து நிமிடம். நாச்சிமுத்து மெஷினின் கண்ணாடிக் கதவைத் துடைத்து மூடினார்.

அப்போது அவர் போன் அடித்தது. அஷ்வத்.

எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு பெனாசிரைப் பார்த்தார்.

"மேடம், திங்கக்கெழமை கேட்டதுக்கு நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. பையன் படிப்புக்குத்தானுங்க கேக்கறேன். ஞாயித்துக்கெழமை நான் என்ன பண்றேன்? ஒரு வேலையும் செய்யாமச் சும்மாதானுங்களே கெடக்கறேன்."

பெனாசிர் கழற்றி வைத்த சின்ன ரேடியேட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போகணும்னா போங்கண்ணா. எதை எடுத்துட்டு எதை வைக்கறீங்கன்னு மட்டும் வீட்ல அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

போன் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு தானாகவே நின்றது.