நகரும் விளக்கின் பின்னால் போன வாத்து

ஒரு காட்டு ஏரியில் தண்ணீர் நாரையின் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. வரித்தலை வாத்துகள் எல்லாம் வடக்கே கிளம்பிப் பதினோரு நாள் ஆகிறது. ஒரே ஒரு வாத்து மட்டும் போகவில்லை. சிறகில் அடி.

இன்றைக்குச் சிறகு ஆறிவிட்டது. பறக்கலாம். ஏரி வற்றுவதற்குள் பறந்தே ஆக வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை.

மூன்று வருஷமாகக் கூட்டத்தோடு போய் வந்த வாத்துதான். ஆனால் வரிசையில் பறக்கும்போது அது பார்த்ததெல்லாம் முன்னால் போகிற வாத்தின் வால். வாலை விடாமல் பார்த்தால் போதும், ஊர் வந்துவிடும். இப்போது முன்னால் வால் இல்லை.

அக்கா வாத்து வழி சொல்லிவிட்டுத்தான் போனது. வடக்கே ஒரு நட்சத்திரம் உண்டு, மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் இடம் மாறாது, அதைப் பார்த்துப் பற என்றது. அதைக் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னது. வாத்து பாதி காதில் வாங்காமலே தலையை ஆட்டியது.

பகலெல்லாம் அது கூப்பிட்டுப் பார்க்கும். எதிர்க்கரைப் பாறை அதே குரலைத் திருப்பி அனுப்பும். முதல் இரண்டு நாள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து அங்கே நீந்திப் போனது. அப்புறம் போகவில்லை.

சாயங்காலம் மேற்கே பளிச்சென்று ஒரு விளக்கு தெரிந்தது. வானத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. "இதுதான்" என்று வாத்து சிறகை விரித்தது.

கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. பயந்தாங்கொள்ளி. வானத்திலிருந்து பாறை விழும் என்று மல்லாந்து காலைத் தூக்கிக்கொண்டுதான் தூங்கும். காலைத் தூக்கினால் பாறை நிற்குமா? நிற்காது. ஆனால் அந்தப் பயத்தில் அது தினமும் வானத்தை விடாமல் பார்த்துவந்தது.

"அதை நம்பாத வாத்தண்ணே," என்றது ஆள்காட்டி. "எட்டு நாளைக்கு முன்னாடி அந்த ரெட்டை நட்சத்திரத்துக்குக் கீழ இருந்துச்சு. இப்ப மேல ஏறிடுச்சு. பக்கத்துல இருக்கிற எதுவும் அப்படி இடம் மாறல. அது நட்சத்திரமே இல்ல, கோள். நம்ம பூமி மாதிரி அதுவும் சூரியனைச் சுத்துது."

"சுத்தினா சூரியனுக்குள்ள விழுந்திருக்காதா?"

"ஓடிக்கிட்டே இருக்கு, அதான் விழல. செவ்வாய்க்கு அந்தப் பக்கம் லட்சக்கணக்குல பாறைங்க ஓடுதே, அதுகளும் அப்படித்தான். அதுல ஒண்ணு வழி மாறி இங்க வந்துட்டா என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தூக்கமே வரல."

வாத்து சிரித்தது. காலைத் தூக்கிக்கொண்டு படுக்கிறவன் சொல்லி நான் வழி தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டது.

ஆள்காட்டி கோபப்படவில்லை. "ஓடுற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு எங்க போய்ச் சேருவ? இன்னும் கொஞ்ச நாள் இரு. நானும் கூட நின்னு பாக்கறேன்."

இன்னும் ஒரு நாள்கூடத் தனியாக இருக்க முடியாது என்று வாத்து சொல்லிவிட்டுப் பறந்தது. கூட நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னதை அது கவனிக்கவே இல்லை.

விளக்கு மேற்கே இறங்கி மறையும்வரை வாத்து பறக்கும். மறைந்த இடத்தில் படுக்கும். மறுநாள் சாயங்காலம் மறுபடி பறக்கும். ஐந்தாம் நாள் நிலம் முடிந்துவிட்டது. முன்னால் கடல். அன்றைக்கும் விளக்கு வந்தது, பளிச்சென்று நின்றது, பிறகு தண்ணீருக்குள் இறங்குவதுபோல மறைந்துவிட்டது. வாத்து கூப்பிட்டது. அங்கே பாறைகூட இல்லை, திருப்பிக் கூப்பிட.

அதே விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அது திரும்பிப் பறந்தது. வேறு வழி தெரியாது. ஆறிய சிறகு மறுபடி வலித்தது. வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று.

ஏரி வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் சேறு. இந்தச் சிறகோடு இந்த வருஷம் இனி வடக்கே போக முடியாது. ஆள்காட்டியும் தண்ணீர் தேடிப் போய்விட்டது. கரையில் இருந்த ஒரு தட்டைக் கல்லைச் சுற்றி அதன் கால்தடம் காய்ந்திருந்தது. ஒரு நாள் தடம் இல்லை, நிறைய நாள் நின்ற தடம்.

வாத்துக்கு அந்தக் கல்லைத் தெரியும். கிளம்பும்போது அக்கா அலகால் தட்டிக் காட்டிய கல். "பளிச்சுன்னு இருக்கிறதைப் பாத்து ஓடிடாத. எட்டு சாயங்காலம், இருட்டினதும் இதே கல்லுல வந்து நில்லு. எது நின்ன இடத்துலயே நிக்குதோ, அதுதான் வடக்கு."

ஒரு சாயங்காலம்கூட அது அந்தக் கல்லில் நிற்கவில்லை.

நீதி: தனிமை தாங்காமல், கண்ணில் பட்ட வெளிச்சத்தின் பின்னால் போகாதே. அது நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ.