மேலெழுதவா?

ஐம்பத்திரண்டு வயதில் சூசைமாணிக்கம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். இருபது வருஷம் விசைப்படகில் எஞ்சின் ஓட்டியவர். முழங்கால் போனபிறகு மீனவர் சங்க ஆபீஸில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கற்றுக்கொடுத்தவள் பிரகாசி. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

சங்கத்தின் அறிவிப்புக் கோப்பு சென்னையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் எழுதுவதுதான் படகுக்காரர்களின் போனில் தெரியும். பச்சை என்றால் கடலுக்குப் போகலாம். சிவப்பு என்றால் போகக்கூடாது.

அந்தச் சென்னை ஃபோல்டர், சூசையின் திரையில் மற்ற ஃபோல்டர்களோடு ஒன்றாக உட்கார்ந்திருந்தது. இரண்டு முறை தட்டினால் திறந்துகொண்டது. திருத்தினார், சேவ் பண்ணினார், முடிந்தது. முதல் நாள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை மூன்று தடவை சொன்னார்.

"அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோப்பு, என் மேசையிலேயே இருக்கே. நம்பவே முடியல, டீச்சர்."

"நம்பாதீங்க," என்றாள் பிரகாசி.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை மணிக்குத் தகவல் வந்தது. ஐந்து மணிக்குள் சூறைக்காற்று. மூன்று மணிக்கு நாற்பது படகுகள் கிளம்பவேண்டியவை. வேறு சில ஏற்கெனவே கடலில்.

பிரகாசி வயர்லெஸ்ஸின் மைக்கைக் கையில் எடுத்தாள். கடலில் இருப்பவர்களைப் பட்டியல் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள்.

"அண்ணே, சிவப்பு போடுங்க."

சூசைக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. இதற்காகத்தானே கற்றுக்கொண்டார். கோப்பைத் திறந்தார். பச்சையை அழித்தார். சிவப்பு என்று அடித்தார். சேவ்.

"போட்டுட்டேன், டீச்சர்."

"எங்கே?"

"இதோ, சிவப்புன்னு நிக்குதே."

"அது உங்க திரை. கரையில இருக்கிற யாரையாவது கேளுங்க."

அவர் மைத்துனன் மிக்கேல்ராஜுக்குப் போன் போட்டார்.

"பச்சைதானே இருக்கு, மாமா. ஐஸ் ஏத்தியாச்சு. கிளம்பப்போறோம்."

"போகாதடா. காத்து வருது."

"நான் நிப்பேன். மத்தவன்கிட்ட என் மாமா சொன்னாருன்னு சொன்னா கேப்பானா? எல்லார் போன்லயும் பச்சை நிக்குது."

சூசை திரையைப் பார்த்தார். இதுவரை பார்க்காத அடி ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. தொடர்பு அறுந்துவிட்டது, திருத்தியது இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது.

தொடர்பை மறுபடி கொடுத்தார். சுற்றியது, சுற்றியது, பிடித்துக்கொண்டது. சேவ் தட்டினார். ஒரு பெட்டி குதித்து வந்தது.

"என்னமோ கேக்குது, டீச்சர்."

"வாசிங்க."

"நீங்கள் திறந்த பிறகு அங்குள்ள கோப்பு மாறியுள்ளது. மேலெழுதவா?" அவர் விரல் 'ஆம்' மேல் நின்றது. "ஆம் கொடுத்துடறேன். நேரம் இல்ல."

"மாத்தினது யாரு?"

"தெரியல."

"என்ன மாத்தினாங்க?"

"தெரியல."

"தெரியாததையா அழிக்கப்போறீங்க?"

அவர் விரலை எடுத்தார். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. வெளியே எஞ்சின்கள் உறுமத் தொடங்கியிருந்தன. சென்னையில் இருந்த கோப்பைத் தனியாகத் திறந்தார். அதே கோப்பில் எழுதுகிற வடக்குத் துறை ஆபீஸ்காரர்கள் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். சூசை அதை வாசித்தார்.

"ஸ்டெல்லா, கடல்ராணி, ரெண்டு படகும் விடியக்காலமே போயிருக்கு. போன் கிடைக்கல."

பிரகாசி முதல்முறையாகத் திரும்பினாள். "என் பட்டியல்ல அந்தப் பேர் இல்ல. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "ஸ்டெல்லா, ஸ்டெல்லா, கேக்குதா?"

சூசை அந்த வரியைத் தொடவில்லை. அதற்கு மேலே பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பு போட்டார். சேவ் பண்ணினார். பெட்டி வரவில்லை. அடி ஓரத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தத் தடவை திரையை நம்ப மனசு வரவில்லை. எழுந்து நொண்டிக்கொண்டே போய்க் கரைப்பக்கத்து ஜன்னலைத் திறந்தார்.

நாற்பது எஞ்சின் சத்தம் உள்ளே வந்தது. அவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. ஒன்று நின்றது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாதபடி வரிசையாக நின்றன. கடைசியில் அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

சாத்துவதற்காக ஜன்னல் கதவைப் பிடித்தார்.

"சேவ் ஆயிடுச்சு, டீச்சர்."

"சாத்தாதீங்க," என்றாள். "கடல்ராணி இன்னும் பேசல."

அவர் அங்கேயே நின்றார். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றரை மணிக்கு ஸ்டெல்லா பதில் சொன்னது, திரும்பிக்கொண்டிருப்பதாக. நான்கு மணிக்குக் கடல்ராணியின் குரல் கரகரவென்று வந்தது. நாலே முக்காலுக்கு இரண்டு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைக்குள் நுழைந்தன. அவற்றின் பின்னாலேயே காற்று வந்தது. மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் அறை முழுக்கப் பறந்தது.

"இப்போ சேவ் ஆயிடுச்சா, டீச்சர்?"

பிரகாசி மைக்கைக் கீழே வைத்தாள்.

"இப்போ சாத்துங்க, அண்ணே."