மாட்டாத துப்பாக்கி

சீனியம்மாளுக்குக் காவி கிடையாது, ஆசிரமம் கிடையாது, மந்திரம் சுத்தமாகத் தெரியாது. இருந்ததெல்லாம் ஒரு சாப்பாட்டுக் கடைதான். ஆனாலும் மனசு கலங்கியவர்கள் அந்த அம்மாளிடம்தான் போய் நின்றார்கள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராது. சில நாள் பதிலுக்குப் பதிலாகச் சாம்பார் வாளி கைக்கு வரும்.

கடை இருந்தது இரண்டு ஊர்ச் சாலைகள் சேரும் முக்கில். ஒரு பக்கம் ஆவாரம்பொட்டல், இன்னொரு பக்கம் ஈச்சங்கரை. கண்மாய்த் தண்ணீருக்காக இரண்டு ஊரும் இருபது வருஷம் சுட்டுக்கொண்டு கிடந்தன. சீனியம்மாளின் புருஷன் ஆவாரம்பொட்டல்காரர். ஈச்சங்கரைக் குண்டில் செத்தார். காரியம் முடிந்த மறுமாதம் கடையைத் திறந்த சீனியம்மாள், முதல் இலையை ஈச்சங்கரைக்காரர் ஒருவருக்குப் போட்டார். சொந்த ஊர் வாய்க்கு வந்தபடி ஏசியது. அந்த அம்மாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு பலகை இருந்தது. ‘துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள்.’ எதிரே புளியமரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். அங்கே ஒரு வழக்கம். யாரும் தன் துப்பாக்கியைத் தானே மாட்டக் கூடாது. எதிரூர்க்காரன் கையில் கொடுத்து மாட்டச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு வந்ததும் அவனே எடுத்துத் தர வேண்டும்.

ஈச்சங்கரைக் கருத்தபாண்டியின் துப்பாக்கியை ஆவாரம்பொட்டல் சேவுகன் மாட்டுவார். சேவுகனுடையதைக் கருத்தபாண்டி மாட்டுவார். கருத்தபாண்டி இரண்டு மகன்களைப் பறிகொடுத்த கிழவர். சேவுகன் கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவர். ஐந்து வருஷமாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. துப்பாக்கி மட்டும் கை மாறும். அந்த ஐந்து வருஷத்தில் இரண்டு ஊரிலும் ஒருவர்கூடக் குண்டடி பட்டுச் சாகவில்லை.

சீனியம்மாளுக்கு ஒரே ஒரு சீடர். பேர் தவசிமுத்து. இரண்டு ஊரையும் சேராதவர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் சாப்பிட வந்தவர், கை கழுவிவிட்டுக் கிளம்ப மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

“சோறு விழக் கூடாதுண்ணே, வைக்கணும்.” அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பாடம். அன்றிலிருந்து தவசிமுத்து இலை வரைக்கும் குனிந்துதான் பரிமாறுவார்.

அன்றைக்குத் தண்ணீர் முறையைப் பேசி முடிக்க ஊருக்கு ஏழு பேராகப் பதினாலு பேர் வருவதாக ஏற்பாடு. சாப்பிட்டு எழுந்ததும் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் சண்டை தீர்ந்தது. விழாவிட்டால் பழையபடி பிணம் விழும். இது இரண்டு ஊருக்கும் தெரியும்.

காலையில் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. ஏதோ நகரத்தில், இதே மாதிரி பலகை வைத்திருந்த ஒரு கடையில், எவனோ புகுந்து நாலு பேரைச் சுட்டுவிட்டான். தவசிமுத்து அதை இரண்டு முறை படித்தார். இந்த அம்மாளை எவனாவது அப்படிச் சுட்டுவிட்டால் என்று நினைத்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்தார். லைசென்ஸ் உள்ள ரிவால்வர். வருஷம் தவறாமல் புதுப்பித்துவிடுவார், அவ்வளவு ஒழுங்கான மனிதர். ஆறு குண்டும் போட்டு இடுப்பில் செருகி, சட்டையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

“தாயி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“சுடணும்னு வர்றவன் நம்ம போர்டைப் படிச்சிட்டுத் திரும்பிப் போவானா?”

“போக மாட்டான்.”

“அப்ப அது யாரைத் தடுக்குது?”

“மத்தவங்கள.”

“நல்லவன் கையைக் கட்டிப் போட்டுட்டுக் கெட்டவனுக்குக் கதவைத் தெறந்து வைக்கிறதா? இது என்ன நியாயம் தாயி?”

சீனியம்மாள் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தார்.

“பயமா இருக்காண்ணே?”

“எனக்கென்ன பயம்? ஒங்களுக்காகத்தான்.”

“பந்தி முடியட்டும். சொல்றேன்.”

சோற்று வாளி தவசிமுத்து கைக்கு வந்தது.

பதினாலு பேரும் வந்தார்கள். புளியமரத்தடியில் துப்பாக்கிகள் கை மாறின, கொக்கியில் ஏறின. ஊர் மாற்றி ஊர் ஆளாகப் பாயில் உட்கார்ந்தார்கள். கருத்தபாண்டிக்குப் பக்கத்தில் சேவுகன். தவசிமுத்து வாளியோடு வரிசையில் வந்தார்.

குனிய முடியவில்லை. ரிவால்வரின் பிடி விலாவில் குத்தியது. கொஞ்சம் வளைந்தாலும் சட்டை தூக்கிக் காட்டிக்கொடுக்கும். நிமிர்ந்து நின்றபடியே கரண்டியைச் சாய்த்தார். சோறு பொத்தென்று விழுந்து இலைக்கு வெளியே சிதறியது.

கருத்தபாண்டி சிதறிய சோற்றைப் பார்த்தார். பிறகு தவசிமுத்துவின் இடுப்பில் சட்டை புடைத்திருந்ததைப் பார்த்தார்.

“என்னப்பா, இடுப்புப் பிடிச்சிருக்கா?”

“ஆமாய்யா. காலையில இருந்து.”

“எனக்கும் ஒரு தடவை இப்படிப் பிடிச்சிருந்துச்சு” என்றார் கிழவர். “கல்யாண வீட்ல. உக்காரவே முடியல.”

அவர் இரண்டு வாய் தின்றார். இலையை மடித்தார். கை கழுவாமல் எழுந்து வெளியே நடந்தார். தவசிமுத்து வாளியோடு இரண்டு எட்டு வைத்தார். கூப்பிட நினைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது?

புளியமரத்தடியில் போய் நின்ற கருத்தபாண்டி, சோற்றுக் கையோடு தன் துப்பாக்கியைத் தானே எடுத்தார். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஈச்சங்கரைச் சாலைப் பக்கம் திரும்பினார். யாரையும் குறி பார்க்கவில்லை. வீட்டுக்குத்தான் கிளம்பினார்.

ஆனால் சேவுகன் வாசல் வழியே பார்த்துவிட்டார். “ஏய், கெழவன் தானா எடுத்துட்டான்!” என்று அலறிக்கொண்டு எழுந்தார். பந்தியே கலைந்தது.

தவசிமுத்துவின் கை யோசிக்கவில்லை. வாளி கீழே விழுந்தது, ரிவால்வர் வெளியே வந்தது. சீனியம்மாளுக்கு முன்னால் போய் நின்று கத்தினார்.

“யாரும் அசையாதீங்க!”

அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். உள்ளேயே ஒருத்தன் வைத்திருக்கிறான். ஆவாரம்பொட்டல் அவனை ஈச்சங்கரை ஆள் என்று நினைத்தது. ஈச்சங்கரை ஆவாரம்பொட்டல் ஆள் என்று நினைத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லோரும் மரத்துக்கு ஓடினார்கள். அதற்குப் பிறகு யார் முதலில் சுட்டார்கள் என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது.

சத்தம் அடங்கியபோது சேவுகன் மரத்தடியில் கிடந்தார். நாலடி தள்ளிச் சாலையில் கருத்தபாண்டி. மிச்சப் பேர் அவரவர் ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள், துப்பாக்கிகளோடு. ஈச்சங்கரைப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்க ஆரம்பித்தது.

போலீஸ் ஜீப் வர இன்னும் நேரம் இருந்தது. சீனியம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். முதலில் சேவுகனின் கையைக் கழுவினார். பிறகு கருத்தபாண்டியின் கையைக் கழுவினார். விரலிடுக்கில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அழுகை வந்தது, அழுதுகொண்டே எடுத்தார்.

தவசிமுத்து பக்கத்தில் வந்து மண்ணில் முழங்கால் போட்டார். ரிவால்வரைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

“ஆறும் அப்படியே இருக்கு தாயி. நான் ஒண்ணுகூடச் சுடல.”

“தெரியும்ணே.”

“நான் கெட்டவன் இல்ல தாயி.”

“இல்லண்ணே.”

“சத்தியமா, காப்பாத்தத்தான் வச்சிருந்தேன்.”

சீனியம்மாள் கிழவரின் கையை மெதுவாக அவர் நெஞ்சின் மேல் வைத்தார்.

“இவங்க எல்லாரும் வேற எதுக்குண்ணே வச்சிருந்தாங்க?”